பிஞ்சுக்கு இரண்டு வாரக் காவல்... பறித்த காய்க்குப் பத்து நாள் ஓய்வு! நெல்லை வீட்டுப் பூசணியைக் காப்பாற்றும் வழிகள்

மார்கழி பிறந்துவிட்டால் திருநெல்வேலித் தெருக்களில் பூசணிப் பூவுக்குத் தனி மவுசு. வாசல் தெளித்து, கோலம் போட்டு, சாணி உருண்டையில் மஞ்சள் பூவைச் செருகி நடுவில் வைத்தால்தான் கோலம் முழுமையாகும். அடுத்த மாதம் தைப் பொங்கல். பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, கருணையோடு பூசணிக் கீற்றும் வாங்காமல் எந்த வீட்டுப் பொங்கல் பையும் நிறைவதில்லை.

பூவும் காயும் இப்படிக் கொண்டாடப்படும் ஊரில், வீட்டுக் கொல்லையில் கொடி போட்டவர்களைக் கேட்டால் ஒரே புலம்பல்தான். "கொடி என்னமோ காடு மாதிரி படருது. பிஞ்சு வெம்பி வெம்பி விழுந்துருது." தப்பிப் பிழைத்த நாலு காயைப் பறித்து வைத்தாலும், ஒரு மாதத்துக்குள் அடியில் நீர் விட்டு அழுகிவிடும். "கண்ணு பட்டுருச்சு" என்று சொல்லி அடுத்த வருடம் கொடி போடுவதையே விட்டவர்களும் உண்டு.

கண்ணும் இல்லை, திருஷ்டியும் இல்லை. வீட்டுப் பூசணி கைவிட்டுப் போவது பெரும்பாலும் இரண்டே கட்டங்களில்தான். ஒன்று, பிஞ்சு பிடித்த முதல் இரண்டு வாரம். மற்றொன்று, காயைப் பறித்த நாளும் அதையடுத்த பத்து நாளும். இந்த இரண்டு கட்டத்தையும் கவனமாகக் கடத்திவிட்டால், வாசலில் முளைத்த ஒற்றைக் கொடியே மாதக்கணக்கில் குழம்புக்குக் காய் தரும்.

எந்தப் பூசணி?

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். இங்கே பேசுவது மஞ்சள் பூசணி. சென்னை, தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கிக்காய், கொங்கு நாட்டில் அரசாணிக்காய், சிலருக்குச் சர்க்கரைப் பூசணி. வாசலில் கட்டுவதும், ஆயுத பூஜைக்கு உடைப்பதும் வெண்பூசணி. அதற்கு நெல்லை, குமரி வட்டாரத்தில் தடியங்காய் என்று பெயர். அது வேறு இனம். ஆனாலும் கீழே சொல்லும் பூச்சிகளில் பல இரண்டையுமே தாக்கும்.

மஞ்சள் பூசணியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 'பரங்கியர்' கொண்டுவந்த காய் என்பதால்தான் பரங்கிக்காய் ஆனது என்பார்கள். வந்த இடத்தில் நம் வெயிலோடும் மண்ணோடும் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. வராத விருந்தாளியாகக் கூடவே ஒட்டிக்கொண்டது நம் ஊர் ஈ. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

ஆடியில் போட்டால் அடைமழையில் பிஞ்சு

ஆடிப்பட்டம், தைப்பட்டம் இரண்டும் பூசணிக்கு ஏற்றவை. ஜூன் - ஜூலை, டிசம்பர் - ஜனவரி என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் கோ 1 பெரிய காய், 7 முதல் 8 கிலோ வரை வரும். பயிர்க்காலம் சுமார் 175 நாள். கோ 2 சின்னக் காய், ஒன்றரை முதல் 2 கிலோ. பயிர்க்காலம் சுமார் 135 நாள். நாலு பேர் உள்ள வீட்டுக்குச் சின்னக் காய்தான் வசதி. ஒரே சமையலில் தீர்ந்துவிடும், மிச்சம் வைத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடிப்பெருக்கு அன்று கோ 2 விதை ஊன்றினால், 135-வது நாள் மார்கழிப் பிறப்பை ஒட்டி வரும். அப்படியானால் பூவும் பிஞ்சும் வரும் காலம் எது? ஐப்பசி, கார்த்திகை. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். வயலில் பிசான நெல்லுக்கு வரமாக வரும் அதே மழை, கொல்லையில் பூசணிப் பிஞ்சுக்குச் சோதனை. பழ ஈ பெருகுவது மழைக்காலத்தில்தான். வெயில் நாளில் அதன் நடமாட்டம் குறைவு.

அதனால் ஆடியில் போடுகிறவர்கள் மாதத் தொடக்கத்திலேயே போட்டுவிடுவது நல்லது. கொஞ்சம் பிஞ்சுகளாவது அடைமழைக்கு முன்பே தோல் தடித்துவிடும். தைப்பட்டக் கொடிக்கு ஈத் தொல்லை குறைவு, தண்ணீர்ச் செலவு கூடுதல்.

விழுந்த பிஞ்செல்லாம் பூச்சி அரித்ததல்ல

பிஞ்சு விழுந்ததும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் விழுந்த பிஞ்சை எடுத்துப் பாருங்கள். நெல்லிக்காய் அளவிலேயே மஞ்சளாகிச் சுருங்கி விழுந்திருந்தால், உள்ளே புழுவும் இல்லையென்றால், அது பூச்சி வேலை இல்லை. மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்று அர்த்தம்.

பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. நீளக் காம்பில் வெறும் பூவாக நிற்பது ஆண். பூவுக்கு அடியில் குட்டிக் காய் போலப் புடைத்திருப்பது பெண். கொடியில் முதலில் வருவதும், எண்ணிக்கையில் அதிகம் இருப்பதும் ஆண் பூதான். விடியலில் விரிந்து, வெயில் ஏறும் முன் மூடிவிடும். இடையில் உள்ள சில மணி நேரத்தில் தேனீ வந்தாக வேண்டும். விடாத மழை நாளில் தேனீ வராது.

அப்போது நாமே தேனீ ஆகிவிட வேண்டியதுதான். காலை 6 முதல் 8 மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுப்பகுதியில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூவை வைத்து இரண்டு மூன்று பெண் பூக்களுக்குத் தடவலாம்.

மார்கழிக் கோலத்துக்குப் பூப் பறிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஆண் பூவைப் பறித்தால் கோலம் நிறையும். பெண் பூவைப் பறித்தால் ஒரு காய் போச்சு. சேர்க்கைக்காகக் கொடிக்கு இரண்டு மூன்று ஆண் பூக்களையாவது விட்டுவைக்க வேண்டும்.

உண்மையான எதிரி: பழ ஈ

பிஞ்சில் ஊசி குத்தினாற்போலப் புள்ளி, அதில் பிசின் போல ஒரு துளி, பிறகு அந்த இடம் மட்டும் கோணலாக வளைந்து மெத்தென்று ஆவது... இதுதான் பழ ஈயின் கையெழுத்து. வீட்டு ஈ அளவுதான் இருக்கும். பழுப்பு உடலில் மஞ்சள் கோடுகள், கண்ணாடிச் சிறகு. பெண் ஈ இளம் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். ஓரிரு நாளில் வெள்ளைப் புழு வந்து சதையைத் தின்னும், பிஞ்சு அழுகி விழும். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாக வெளியே வரும். முட்டையில் தொடங்கி ஈயாகும் வரை இரண்டு மூன்று வாரம்தான்.

புழு காயின் உள்ளே பத்திரமாக இருப்பதால், வெளியில் எதை அடித்தாலும் அதைத் தொடாது. எனவே முட்டை வைக்க விடாமல் தடுப்பதுதான் ஒரே வழி. தோல் தடித்துவிட்டால் ஈயால் துளைப்பது கடினம். அதுவரை, அதாவது முதல் இரண்டு வாரம், காவல் போட்டால் போதும்.

* பிஞ்சுக்கு உறை: சேர்க்கை முடிந்து பூ வாடியதும், பழைய மெல்லிய வேட்டித் துணியிலோ கொசுவலைத் துணியிலோ பை தைத்துப் பிஞ்சுக்கு மாட்டி, காம்பில் தளர்வாகக் கட்டுங்கள். பை பிஞ்சைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கட்டும். மழைக்காலத்தில் பாலித்தீன் பை கூடாது. உள்ளே வியர்த்து அழுகிவிடும்.

* கருவாட்டுப் பொறி: மீன் தூள் வாசனைக்குப் பழ ஈ ஓடி வரும். வேளாண் கையேடுகளில் உள்ள பழைய முறையே இது. நம் பக்கத்தில் கருவாட்டுக்குப் பஞ்சமா? ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியில் பென்சில் நுழையும் அளவுக்கு நாலு துளை போட்டு, ஊறவைத்து நசுக்கிய கருவாட்டுத் துண்டு, தண்ணீர், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுக் கொடி அருகில் தொங்கவிடுங்கள். உள்ளே போன ஈ முழுகிவிடும். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பழைய கையேடுகளில் இந்தப் பொறிக்கு 'டைகுளோர்வாஸ்' சேர்க்கச் சொல்லியிருக்கும். அந்த மருந்து 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. வீட்டில் பழைய பாட்டில் கிடந்தாலும் தொடாதீர்கள்.

* இனக்கவர்ச்சிப் பொறி: 'கியூலூர்' பொறி என்று கேட்டால் வேளாண் இடுபொருள் கடைகளில் கிடைக்கும். இது ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். முட்டை வைக்கும் பெண் ஈ தப்பிவிடும் என்பதால் உறையோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

* விழுந்த பிஞ்சைக் குப்பைக் குழியில் போடாதீர்கள்: பலரும் தவறுவது இங்கேதான். அழுகிய பிஞ்சைக் கொடியடியிலோ உரக்குழியிலோ வீசினால், உள்ளே உள்ள புழுக்கள் மண்ணுக்குப் போய் அடுத்த படையாகத் திரும்பி வரும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, வெயிலில் ஒரு வாரம் வைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். வாளித் தண்ணீரில் சில நாள் முழுக வைத்தாலும் புழு செத்துவிடும்.

* மண்ணைக் கிளறுங்கள்: கொடியடி மண்ணை வாரம் ஒருமுறை மேலாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெளியே வரும். மிச்சத்தைக் கோழியும் மைனாவும் எறும்பும் பார்த்துக்கொள்ளும்.

ஒரு தெரு சேர்ந்தால்...

இந்த ஈயின் பூர்வீகம் நம் இந்தியப் பகுதிதான். இங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவிய இது, ஜப்பானின் ஒகினாவா தீவுகளிலும் புகுந்து பாகல், பூசணி, முலாம்பழம் என்று எதையும் விடவில்லை. ஜப்பான் அரசு 1972-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் ஈக்களை வளர்த்து, கதிர்வீச்சு மூலம் மலடாக்கி, கோடிக்கணக்கில் தீவு தீவாகப் பறக்கவிட்டார்கள். அவற்றோடு சேர்ந்த பெண் ஈக்களின் முட்டைகள் பொரியவில்லை. 1993-ல்தான் ஒகினாவாவில் இந்த ஈ முற்றிலும் ஒழிந்தது. இருபது வருட உழைப்பு!

நம்மால் அது முடியாது. ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு. ஈக்கு மதில் சுவர் தெரியாது. நீங்கள் மட்டும் பொறி வைத்து, பக்கத்து வீட்டில் அழுகிய பாகற்காயும் புடலையும் மண்ணில் கிடந்தால் பயன் பாதிதான். பாகல், புடலை, பீர்க்கு, வெள்ளரி எல்லாமே இந்த ஈக்குச் சாப்பாடு. விழுந்த காயைப் பொறுக்குவதை நாலு வீடு சேர்ந்து செய்தால், அடுத்த மாதமே வித்தியாசம் தெரியும்.

இலையில் வரும் தொல்லைகள்

சிவப்பு வண்டு: விதை முளைத்து இரண்டு இலை விட்டதுமே வந்து சல்லடையாக ஓட்டை போடும் ஆரஞ்சுச் சிவப்பு வண்டு. இதன் புழு மண்ணில் இருந்து வேரையும், தரையில் படும் காயையும் குடையும். விடிகாலைக் குளிரில் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்து சோப்புத் தண்ணீரில் போடலாம். பனி ஈரம் இருக்கும்போதே சலித்த விறகுச் சாம்பலை இலையில் லேசாகத் தூவுவது நம் பாட்டிமார் செய்த வழி. நாலைந்து இலை வரும் வரை வலைத்துணி மூடினால் இன்னும் பாதுகாப்பு.

புள்ளி வண்டு: இலையைச் சுரண்டி வலைபோல ஆக்கும் மஞ்சள் முள் புழு இதன் குட்டி. இலையின் அடியில் மஞ்சள் முட்டைக் குவியல் இருந்தால் நசுக்கிவிடுங்கள். பளபளவென்று மின்னும் பொறிவண்டை இதுவென்று நினைத்துக் கொல்லாதீர்கள். அது அசுவினியைத் தின்னும் நண்பன். பயிரைத் தின்னும் வண்டு மங்கலாக, மெல்லிய ரோமத்தோடு இருக்கும்.

அசுவினி, வெள்ளை ஈ: சாறு உறிஞ்சுவதோடு தேமல் நோயையும் பரப்பும். இலை சுருண்டு, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறிய கொடியைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கிவிடுவதே மற்ற கொடிகளுக்கு நல்லது.

இவற்றுக்குப் பொதுவான மருந்து வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். தெளிப்பது எப்போதும் மாலையில். காலையில் பூ விரிந்திருக்கும்போது தெளித்தால் தேனீ வராது, காயும் பிடிக்காது.

சாம்பல் நோய்: மழை விட்டுப் பனி தொடங்கியதும் இலைமேல் வெள்ளை மாவு பூத்தாற்போல வரும். "கந்தகத் தூள் போடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூசணிக் குடும்பச் செடிகள் கந்தகத் தூளையும் தாமிரத் தூளையும் தாங்காது, கருகிவிடும் என்று வேளாண் பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது. வீட்டு அளவில் பால் தெளித்துப் பார்க்கலாம். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். பூசணிக்கு உறவான சுக்கினி செடிகளில் பிரேசிலில் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில் இது நன்றாகவே வேலை செய்தது. அதிகம் பாதித்த அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

காய்க்கு ஒரு மெத்தை

வளரும் காயை ஈர மண்ணில் கிடக்க விடாதீர்கள். அடியில் தேங்காய் மட்டை, ஓட்டுத் துண்டு, வைக்கோல், எது கிடைத்தாலும் வைத்து உயர்த்துங்கள். பந்தலிலோ மாடித் தோட்டக் கம்பியிலோ தொங்கும் காய்க்குப் பழைய துணியில் தொட்டில் கட்டினால் காம்பு ஒடியாது.

நகம் பதியவில்லையா... பறிக்கலாம்!

இனி இரண்டாவது கட்டம். பூ மலர்ந்து காய் முற்ற ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். உடனே சமைக்க இளம் காயையும் பறிக்கலாம். சேமிக்க வேண்டுமென்றால் முற்றிய காய்தான் தாங்கும். அதற்கு மூன்று அடையாளங்கள்:

* கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தோலில் பதியக் கூடாது.
* காம்பு பச்சை மாறி, காய்ந்து, தக்கைபோல ஆகியிருக்க வேண்டும்.
* காய்க்கு அருகில் உள்ள பற்றுக்கம்பி காய்ந்து, தோலின் பளபளப்பு மங்கியிருக்க வேண்டும்.

மழை இல்லாத நாளில், பனி காய்ந்த பிறகு, கத்தியால் வெட்டி எடுங்கள். திருகிப் பிடுங்கக் கூடாது. காம்பு குறைந்தது மூன்று விரல்கடை நீளம் காயோடு இருக்க வேண்டும். காம்பு ஒடிந்த காயில் அந்த ஓட்டை வழியாகத்தான் பூஞ்சை உள்ளே போகும். ஒடிந்துவிட்டால் அந்தக் காயை முதலில் சமைத்துவிடுங்கள். தூக்கும்போதும் காம்பைப் பிடித்துத் தூக்காமல், குழந்தையைப் போல அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

பெருமழை எச்சரிக்கை வந்தால் முற்றிய காய்களை முன்கூட்டியே பறித்து உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படி வெள்ள நீரில் கிடந்த காய் பார்க்க நன்றாக இருந்தாலும் சமையலுக்கு வேண்டாம். சாக்கடையும் கலந்து வந்த நீர் அது.

பத்து நாள் ஓய்வு

பறித்த காயை நேரே பரணில் ஏற்றுவதுதான் அது சீக்கிரம் அழுகக் காரணம். பூசணிக்கும் ஓய்வு வேண்டும். 26 முதல் 29 டிகிரி வெப்பத்தில் சுமார் பத்து நாள் காற்றாட வைத்தால் தோல் இன்னும் கடினமாகும், சின்னச் சின்னக் கீறல்கள் தாமாக ஆறும், காம்பு முழுக்கக் காயும். மார்கழியில் நெல்லை வீட்டுத் திண்ணையிலும் பட்டாசாலையிலும் கிட்டத்தட்ட இந்த வெப்பம்தான். தனியாக எதுவும் செய்ய வேண்டாம். நேர் வெயிலும் சாரலும் படாத இடம் போதும்.

வெறும் சிமென்ட் தரையில் வைக்காமல் கோணிச்சாக்கு விரித்து, காய்க்குக் காய் இடம் விட்டு வையுங்கள். அதற்காகப் பத்தமடைப் பாயை எடுத்து விரித்துவிட வேண்டாம், பழைய சாக்கே தாராளம்! காயைக் கழுவக் கூடாது. மண்ணை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள்.

எங்கே வைப்பது?

பூசணி நீண்ட நாள் தாங்க 10 முதல் 13 டிகிரி குளிர்ச்சி வேண்டும் என்கிறது அறிவியல். அந்த நிலையில் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். நம் ஊரில் அந்தக் குளிருக்குக் குற்றாலத்தில் கூட இடமில்லை. அதற்காக முழுக் காயை ஃபிரிட்ஜில் திணிக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் குளிர் தாக்கி, வெளியே எடுத்ததும் சதை சீக்கிரம் கெடும்.

காற்றோட்டம்தான் நம் கையில் உள்ள வழி. தென் மாவட்டங்களிலும் கேரளத்திலும் பழைய ஓட்டு வீடுகளில் பூசணியைக் கயிற்றில் பிணைத்து உத்தரத்தில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. எல்லாப் பக்கமும் காற்று, எலிக்கு எட்டாத உயரம், காய்க்கு அடியில் அழுத்தமும் இல்லை. அபார்ட்மென்ட் வீட்டில் ஒரு கொக்கியும் நைலான் வலைப்பையும் அதே வேலையைச் செய்யும்.

தொங்கவிட இடம் இல்லையா? மரப்பலகையில், ஒரே வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் வையுங்கள். கான்கிரீட் கூரையை ஒட்டிய பரண் வேண்டாம், பகல் சூட்டில் அடுப்பாகிவிடும். அடுப்பங்கரை, குளியலறைச் சுவர் ஓரமும் வேண்டாம். பழுக்கிற வாழைத்தாருக்குப் பக்கத்தில் வைத்தால் அது விடும் வாயு பூசணியையும் சீக்கிரம் மூப்பாக்கிவிடும்.

வாரம் ஒருநாள் ஒவ்வொரு காயையும் தூக்கிப் பாருங்கள். முதலில் மெத்தென்று ஆவது காம்படியும் அடிப்பாகமும்தான். ஒன்று இளகினாலும் உடனே தனியே எடுத்து வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்துக் காய்க்கும் தொற்றும். தையில் வைத்த காயைப் பங்குனிக்குள் தீர்த்துவிடுவது புத்திசாலித்தனம். சித்திரை வெயிலில் நெல்லையில் எந்தப் பூசணியும் அதிக நாள் நிற்காது.

வெட்டிய பிறகு

வெட்டிய பூசணியில் முதலில் கெடுவது நடுவில் உள்ள நாரும் விதையும்தான். அதை வழித்து எடுத்துவிட்டு, கீற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். அதிகம் இருந்தால் துண்டு போட்டு, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, ஆறவைத்து ஃபிரீசரில் வைக்கலாம். அக்கம்பக்கத்துக்கு ஒரு கீற்று கொடுப்பது அதைவிடப் பழைய, நல்ல முறை.

விதையைக் கழுவி நிழலில் காயவைத்தால் பாதி வறுத்துக் கொறிக்க, பாதி அடுத்த பட்டத்துக்கு. கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை மட்டும் தாய்க்காயைப் போலவே வராது.

முக்கியமான ஓர் எச்சரிக்கை: சமைத்த பூசணி கசந்தால் துப்பிவிடுங்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். புளியும் வெல்லமும் போட்டுச் சரிக்கட்டக் கூடாது. அந்தக் கசப்பு 'குக்குர்பிட்டாசின்' என்ற நச்சுப்பொருள். வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். குப்பையில் தானே முளைத்த கொடியின் காய் என்றால் சமைக்கும் முன் நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது.

சந்தேகம் வந்தால்...

இலையையோ காயையோ போட்டோ எடுத்துக்கொண்டு அருகில் உள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்குப் போகலாம். வல்லநாடு பக்கம் கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. கட்டணமில்லாத கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு கொடிக்கு நாலு காய் பிடித்தாலே கோ 2 ரகத்தில் 6 முதல் 8 கிலோ. அதில் இரண்டை ஈயும் ஒன்றைப் பூஞ்சையும் கொண்டுபோனால் மிஞ்சுவது ஒன்று. நாலும் வீட்டுக்கு வர ஆகும் செலவு பழைய வேட்டித் துணி, ஒரு கருவாட்டுத் துண்டு, ஒரு கோணிச்சாக்கு. இந்த ஆடியில் ஒரு விதை ஊன்றிப் பாருங்கள். பொங்கல் பையில் பூசணிக் கீற்றுக்கு ஒதுக்கிய காசை மஞ்சள் குலைக்குக் கொடுத்துவிடலாம்!